ஒரு பறவை இனி இல்லை என்று எப்போது சொல்லலாம்? | சுண்டிக்குளத்திலிருந்து

வணக்கம் உறவுகளே. சுண்டிக்குளத்தில் நிற்கிறேன். காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் வந்தால் பூநாரைக் கூட்டத்தைக் காட்டுவதுதான் வழமை. இன்றைக்கு வேறு ஒரு விசயம் கதைக்க வேண்டும். கொஞ்சம் பாரமான விசயம், முழுக்கக் கேளுங்கள்.

2025 ஒக்டோபரில் அபுதாபியில் உலக இயற்கைப் பாதுகாப்பு மாநாடு நடந்தது. எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்கிற சிவப்புப் பட்டியலின் புதிய பதிப்பை அங்கே வெளியிட்டார்கள். அதில் ஒரு கரைப்பறவையின் பெயருக்கு நேரே ‘அற்றுப்போனது’ என்று எழுதிவிட்டார்கள். மெல்லிய அலகுக் கர்லூ என்று சொல்லலாம். சைபீரியாப் பக்கம் கூடு கட்டி, குளிர்காலத்தில் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்கும் வட ஆபிரிக்காவுக்கும் வந்து போன பறவை. எவரும் சந்தேகப்படாத கடைசிப் பதிவு 1995 பெப்ரவரி 25, மொரோக்கோவில் மெர்ஜா செர்கா என்ற களப்பில் எடுத்த படம். அதற்குப் பிறகு, இனி இல்லை என்று எழுத முப்பது வருடம் எடுத்திருக்கிறது.

அது இலங்கைக்கு வந்த பறவை இல்லை. பிறகு ஏன் வன்னியில் நின்று அதைப் பற்றிக் கதைக்கிறேன் என்றால், அதன் நெருங்கிய சொந்தம் ஒன்று இப்போது எனக்கு முன்னாலேயே மேய்கிறது. கமராவைக் கிட்டக் கொண்டுபோகிறேன், பாருங்கள். தண்ணீர் வற்றின சேற்றுத் தரவையில், தனியாக, மண்ணிறமாக. யூரேசியக் கர்லூ. தமிழ்ப் பறவை நூல்களில் கோட்டான் என்று எழுதுவார்கள், ஆந்தையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த அலகைப் பாருங்கள், கீழ்நோக்கி எவ்வளவு நீளமாக வளைந்திருக்கிறது. சேற்றுக்குள் அடிவரை விடுகிறது. கண் கிட்டத்தட்ட மண்ணில் முட்டுகிறது. தலையைக் கொஞ்சம் திருப்புகிறது... எடுத்துவிட்டது. நண்டு. இப்போது பாருங்கள், நண்டை உதறுகிறது. கால்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ, உடம்பை மட்டும் அலகின் நுனியிலிருந்து தொண்டைக்கு ஏற்றி விழுங்குகிறது. வடிவு.

மாரியோடு வந்து, கோடை முற்ற முதல் போய்விடும். சுண்டிக்குளம், நந்திக்கடல், கொக்கிளாய், மன்னார்ப் பக்கம் வங்காலை என்று எங்கள் பரவைக்கடல் ஓரமெல்லாம் பார்க்கலாம்.

சரி, அற்றுப்போன பறவையை இதிலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அது அளவில் சிறியது, நிறத்தில் வெளிறியது, அலகு மெல்லியது, விலாப் பக்கத்தில் வட்டமும் இதய வடிவுமான கரும்புள்ளிகள். இதற்கோ விலாவில் கோடு கோடாக இருக்கும். கேட்க இலகுவாக இருக்கிறது. ஆனால் யூரேசியக் கர்லூவிலும் ஆண் பறவைக்கு அலகு குட்டை, இளம் பறவைக்கு அதைவிடக் குட்டை. கானல் ஆடுகிற வெயிலில், தொலைவில் நிற்கும் ஒன்றைப் பார்த்து ‘இது அதுதான்’ என்று அடித்துச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? 1995க்குப் பிறகும் கண்டோம் என்று ஆட்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். முடிவெடுக்கிற ஆட்களுக்கு முதல் தலையிடி அங்கேதான். வந்த தகவலை ஏற்பதா, தள்ளுவதா? தவறாக ஒன்றை ஏற்றால் இல்லாத பறவை தாளில் உயிரோடு இருக்கும். தவறாக ஒன்றைத் தள்ளினால் இருக்கிற பறவையைத் தாளில் சாகடித்துவிடுவோம்.

முன்பு ஒரு காலத்தில் ஐம்பது வருடம் காணாவிட்டால் அற்றுப்போனது என்று எழுதுகிற வழக்கம் இருந்தது. இப்போது அப்படி இல்லை. கடைசிப் பறவையும் இறந்துவிட்டது என்பதில் நியாயமான சந்தேகம் எதுவும் மிஞ்சக் கூடாது என்பதுதான் விதி. அதைக் கணக்காகவும் பார்க்கிறார்கள். ஒரு பக்கம், அந்தப் பறவைக்கு வந்த ஆபத்துகள்: வேட்டை எவ்வளவு, வாழிடம் எவ்வளவு போனது, இவ்வளவும் சேர்ந்து அந்த இனத்தை முடித்திருக்க வாய்ப்பு எவ்வளவு. மறு பக்கம், பதிவுகளும் தேடல்களும்: கடைசியாக எப்போது, எவ்வளவு உறுதியாகக் கண்டார்கள், பிறகு தேடியவர்கள் சரியான இடத்தில், சரியான பருவத்தில் தேடினார்களா, இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்குமா. இரண்டு பக்கமும் வாய்ப்பு 0.9ஐ, அதாவது நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டினால்தான் அற்றுப்போனது என்ற முடிவு. பாதிக்கு மேல் வந்து அங்கே எட்டவில்லை என்றால், மிக ஆபத்தான நிலை, ஒருவேளை அற்றுப்போயிருக்கலாம் என்று ஒரு குறிப்போடு வைத்திருப்பார்கள்.

மெல்லிய அலகுக் கர்லூவைப் பற்றி 2024 நவம்பரில் ஐபிஸ் என்ற பறவையியல் இதழில் ஒரு ஆய்வு வந்தது. இனி இல்லை என்பதற்கு 96 சதவீத வாய்ப்பு என்று அது சொன்னது. அதற்கு முன் அருங்காட்சியகங்களில் இருந்த பழைய தோல்களின் இறகுகளை எடுத்து வேதியியல் சோதனையும் செய்திருந்தார்கள். ஏனென்றால் இந்தப் பறவையின் கூடுகளைக் கண்டதெல்லாம் ரஷ்யாவின் ஓம்ஸ்க் பக்கம் ஒரே வட்டாரத்தில், அதுவும் 1909க்கும் 1925க்கும் இடையில்தான். இறகுகள் சொன்ன கதை வேறு. அவை இன்னும் தெற்கே, கசகஸ்தானின் புல்வெளிப் பக்கத்தைக் காட்டின. இது எனக்குப் பெரிய பாடமாகப் படுகிறது. தேடினோம், கிடைக்கவில்லை என்று சொல்ல முதல், தேடிய இடம் சரிதானா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதோடு ஒப்பிட எஸ்கிமோ கர்லூவைச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கண்டத்துப் பறவை. உறுதியான கடைசிப் பதிவு 1963இல், பார்படோசில் சுடப்பட்ட ஒன்று. அதாவது மற்றதை விட முப்பது வருடத்துக்கு மேல் பழைய கதை. ஆனால் அது இன்னும் ‘ஒருவேளை’ பட்டியலில்தான் இருக்கிறது. எத்தனை வருடம் என்பது மட்டும் முடிவைத் தீர்ப்பதில்லை என்று இதிலேயே தெரிகிறது.

அவசரப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பிலிப்பைன்சின் செபூத் தீவில் ஒரு கதை இருக்கிறது. பூங்கொத்தி இனத்துச் சின்னப் பறவை, அந்தத் தீவில் மட்டும் வாழ்வது. தீவின் காடு கிட்டத்தட்ட முழுவதும் அழிந்துபோனது, எனவே பறவையும் போயிருக்கும் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். 1992இல் எஞ்சியிருந்த ஒரு துண்டுக் காட்டில் அதைக் கண்டார்கள். போய்விட்டது என்று நம்பியிருந்த அத்தனை வருடமும் அந்த மிச்சக் காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

எங்களுக்குக் கிட்டவும் ஒன்று இருக்கிறது. ஆந்திராவின் முட்புதர்க் காட்டில் வாழும் ஜெர்டன் கோர்சர். அறிவியல் ஏட்டில் ஏறியது 1848இல். 1900க்குப் பிறகு பதிவே இல்லை, முடிந்த கதை என்று இருந்தார்கள். 1986 ஜனவரியில் கடப்பா மாவட்டத்தில் கிடைத்தது. அதைக் காட்டிக்கொடுத்தவர் உள்ளூரில் பறவை பிடித்து வாழ்ந்த ஒருவர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்து ஆட்கள் படத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராக விசாரித்திருக்கிறார்கள், அவர் இராவில் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் கொடுத்தார். அது இரவில் நடமாடும் பறவை. பகலில் தேடுகிறவனுக்கு அது எப்போதும் இல்லாத பறவைதான்.

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயம் ஆனது. 2015இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். இந்த இரண்டு வருடங்களுக்கும் நடுவில் என்ன இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போர்க்காலத்தில் வன்னியில் முறையாகப் பறவை கணக்கெடுக்க யாரால் முடிந்தது? தென்னிலங்கையில் ஒவ்வொரு ஜனவரியும் குளம் குளமாக எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் இரணைமடுவுக்கும் முத்தையன்கட்டுக்கும் வவுனிக்குளத்துக்கும் நேரே பெரும்பாலும் வெறும் கட்டம்தான். 2009க்குப் பிறகும் கண்ணிவெடி அகற்றும்வரை எத்தனையோ அலைகரைகளில் கால் வைக்க முடியவில்லை. அந்த வெறும் கட்டத்தைப் பிறகு ஒருவர் எடுத்துப் பார்த்து, இந்த இனம் வடக்கில் பல வருடமாகப் பதிவாகவில்லை என்று எழுதினால், அது பறவையைப் பற்றிய தகவலா, எங்களைப் பற்றிய தகவலா? என் பார்வையில் அது போரைப் பற்றிய தகவல்.

நல்லாக ஆராய்ந்த காடுகளிலேயே என்ன நடந்தது? சிங்கராஜா, கித்துல்கலைப் பக்கம் எத்தனை தலைமுறையாகப் பறவை ஆட்கள் நடந்திருப்பார்கள். அங்கேயே 1995இல் ஒரு ஆந்தையின் குரல் மட்டும் கேட்டு, 2001இல்தான் பறவையைக் கண்டார்கள். 2004இல் புது இனம் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காட்டிலேயே அப்படி என்றால், வருடக்கணக்காக யாரும் நுழையாத எங்கள் காட்டையும் களப்பையும் பற்றி இருந்த இடத்தில் இருந்து தீர்ப்பு எழுத முடியுமா?

வன்னியில் இருந்துகொண்டு ‘இனித் தேட வேண்டாம்’ என்று சும்மா சொல்லிவிட முடியாது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடித் தாய்மார் வீதியோரத்தில் வந்து இருந்தது உங்களுக்குத் தெரியும். மனிதரையும் பறவையையும் ஒரு தட்டில் வைக்க மாட்டேன், வைக்கவும் கூடாது. ஆனால் சரியாகத் தேடாமல் கோப்பை மூடுவது என்றால் என்ன என்று இந்த மண்ணில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அதற்காக எந்தப் பறவையையும் அற்றுப்போனது என்று எழுதவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மெல்லிய அலகுக் கர்லூ விசயத்தில் எடுத்த முடிவு சரி என்றுதான் நினைக்கிறேன். நாடு நாடாகத் தேடினார்கள், அருங்காட்சியகத் தோல்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், கணக்கும் பார்த்தார்கள். வேட்டையும், சதுப்பு நிலத்தை வடித்து வயலாக்கியதும், புல்வெளியை உழுததும் சேர்ந்து அதை முடித்தன என்று இப்போது ஒளிக்காமல் சொல்ல முடிகிறது. ‘ஒருவேளை இருக்கலாம்’ என்று இழுத்துக்கொண்டே போனால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியும் இழுபடும். அமெரிக்காவில் தந்த அலகு மரங்கொத்திக்கு அதுதான் நடக்கிறது. எல்லாரும் ஏற்கிற கடைசிப் பதிவு 1944. 2021இல் அற்றுப்போனது என்று அறிவிக்க அரசு முன்மொழிந்தது. 2023இல் 21 இனங்களை அப்படி அறிவித்துவிட்டு, இதை மட்டும் எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டார்கள். கண்டோம் என்று இன்னும் ஆட்கள் சொல்கிறார்கள், படமோ தெளிவில்லை. அங்கே பணமும் ஆட்களும் கருவிகளும் இருக்கின்றன, எனவே வாதாடிக்கொண்டு இருக்கலாம். எங்களிடம் வாதாட ஒரு பதிவும் இல்லை என்பதுதான் என் கவலை.

அது வெறும் ஏட்டுக் கவலையும் இல்லை. மன்னார்த் தீவில் காற்றாலைகள் வந்தபோது, வலசைப் பறவைகளின் பாதை என்ற வாதம் நீதிமன்றம் வரை போனது. அப்படியான இடங்களில் முதலில் கேட்பது எண்ணிக்கைதான். எந்த மாதம், எத்தனை, எந்தப் பக்கம் பறந்தது. மணல் அள்ளுகிறார்கள், களப்பை மூடுகிறார்கள் என்று நாளைக்கு நாங்கள் சத்தம் போட்டாலும் அதே கேள்விதான் வரும்.

அப்புறம் ஒன்று, இதைக் கவனமாகக் கேளுங்கள். அரிய பறவையைக் கண்டால்தான் பதிவு என்று பலர் நினைக்கிறார்கள். காணாததும் பதிவுதான், ஆனால் எப்படித் தேடினீர்கள் என்று எழுதியிருக்க வேண்டும். ஈபேர்ட் செயலியில் முழுப் பட்டியல் போடுகிற முறை இருக்கிறது. எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், கண்ட எல்லாம், காகம் மைனா உட்பட. அப்படிப் போட்டால் பட்டியலில் இல்லாத பறவை உண்மையிலேயே அன்றைக்குக் கண்ணில் படவில்லை என்று ஆய்வு செய்கிறவருக்கு விளங்கும். அரியதை மட்டும் போட்டால் அந்தத் தகவல் கிடைக்காது.

பட்டி மாடு வைத்திருக்கிற ஐயாமார், களப்பில் வலை போடுகிற அண்ணைமார், அவர்களிடமும் போய்க் கேளுங்கள். கடப்பாவில் நடந்தது அதுதானே. முன்பு இந்தத் தரவையில் என்ன நின்றது, எந்தப் போகத்தில் வரும், எப்போதிலிருந்து வரவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். குரலைப் பதிவு செய்து, தேதியும் இடமும் போட்டு வையுங்கள். படத்தைக் காட்டிக் கேட்கும்போது ஒரு படத்தை மட்டும் நீட்டி ‘இதுதானே?’ என்று கேட்காதீர்கள், பல படங்களைக் கலந்து வைத்து அவர்களையே எடுக்க விடுங்கள்.

இந்தக் கர்லூவே இப்போது ஆபத்தை நெருங்கும் இனம் என்ற வகையில் இருக்கிறது. இன்றைக்கு அது சாதாரணப் பறவை மாதிரித் தெரிகிறது. மெல்லிய அலகுக் கர்லூவும் ஒரு காலத்தில் ஐரோப்பாவில் சந்தையில் தொங்கின பறவைதான்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. இலங்கையிலும் அது நடக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாவில் இருக்கிறவர்கள், உங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய குளம்தான் வேண்டும் என்று இல்லை. தொலைநோக்கி இல்லாவிட்டால் சொல்லுங்கள், இருக்கிறவரோடு சேர்த்துவிடுகிறேன். விடிய ஆறு மணிக்குக் குளக்கட்டில் நின்றால், வெயில் ஏற முதல் எண்ணி முடித்துவிடலாம். குளத்தின் பெயர், நேரம், எண்ணிக்கை, ஒன்றும் இல்லாவிட்டால் பூச்சியம் என்று போட்டு அனுப்புங்கள்.