‘தைரியமா இருங்க’ என்று சொல்லிவிட்டு வருகிறோம்

[காட்சி: ஆஸ்பத்திரி வார்டு. கட்டிலுக்கு அடியில் சாத்துக்குடிப் பை.]

தண்டுவடத்தில் அடிபட்டுப் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறோம். என்ன பேசுவதென்று தெரியாமல் "தைரியமா இருங்க" என்கிறோம். அவரும் தலையாட்டுகிறார். அவர் கவலையோ வேறு: சிறுநீர்ப் பை நிரம்பிவிட்டதே, யாரைக் கூப்பிடுவது?

தண்டுவடம் என்பது மூளைக்கும் உடம்புக்கும் நடுவே ஓடும் கம்பிக்கட்டு மாதிரி. அது முழுசாக அறுந்தால் அந்த இடத்துக்குக் கீழே செய்தி போகாது, மேலே வராது. கால் அசையாதது நமக்குத் தெரிகிறது. சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாதது தெரிவதில்லை. ஒரே நிலையில் படுத்துப் படுத்து முதுகின் அடியில் புண் வைப்பது அவருக்கே தெரியாது, வலிக்காதே.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படம். சக்கர நாற்காலியில் வில்லாளிகள்.]

ஒரு காலத்தில் இந்தப் புண்ணும் சிறுநீரகத் தொற்றும்தான் ஆளைக் கொன்றன. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் லுட்விக் குட்மன், ஊக்க உரையை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நடு ராத்திரியிலும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். அப்புறம் பட்டறை வேலை, விளையாட்டு. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அங்கே 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். பாராலிம்பிக் முளைத்தது அங்கேதான். புண் ஆறின பிறகுதான் வில் கைக்கு வந்தது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

சரி, மனம்? "லாட்டரி அடித்தவரும் விபத்தில் முடங்கியவரும் கடைசியில் ஒரே அளவு சந்தோஷமாக இருப்பார்கள்" என்று ஒரு கதை சுற்றுகிறது. 1978இல் அமெரிக்காவில் வந்த ஆய்வைத் திரித்த கதை அது. 5க்கு எத்தனை மகிழ்ச்சி என்று கேட்டபோது லாட்டரிக்காரர்கள் சராசரி 4.00, இரண்டும் நேராத சாதாரண ஆட்கள் 3.82, முடங்கியவர்கள் 2.96. இழப்பு இழப்புதான். ஆனால் வருங்காலத்தில் எவ்வளவு மகிழ்ச்சியாக இருப்பீர்கள் என்ற கேள்விக்கு முடங்கியவர்கள் தந்த எண் 4.32. மற்ற இரு தரப்பையும்விடக் குறையவில்லை. தண்டுவடத்தில் அடிபட்டவர்களில் மனச்சோர்வு நோய் வருவதும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான். அழுகிறாரே என்று அதை நோயாக்கிவிடவும் கூடாது. மாதக்கணக்கில் சாப்பாடு தூக்கம் கெட்டுப் போனால், போகப் போகச் சரியாகும் என்று விட்டுவிடவும் கூடாது.

[காட்சி: வேலூர். அறுவை அரங்கு.]

மேரி வர்கீஸ் வேலூர் சி.எம்.சி.யில் இளம் டாக்டர். 1954இல் கார் விபத்து. இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. இனி என்ன டாக்டர் வேலை என்று யாருக்கும் தோன்றும். அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைச் சரிசெய்துகொண்டிருந்தார் டாக்டர் பால் பிராண்ட். கை அறுவை சிகிச்சையைப் பொதுவாக உட்கார்ந்துதான் செய்வார்கள். அவ்வளவுதான் விஷயம்! மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே கத்தியைப் பிடித்தார். அவர் மனவலிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த நாற்காலி உயரத்துக்கு ஒத்துவந்த வேலையைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு என்னவோ இரண்டையும் பிரிக்க முடியும் என்று தோன்றவில்லை.

பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி. திரும்பி வந்து மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு மையம் வந்தது. 1972இல் பத்மஸ்ரீ.

[காட்சி: மைதானத்தில் சக்கர நாற்காலிகள்.]

சி.எம்.சி. மறுவாழ்வுத் துறை ‘ரீஹேப் மேளா’ என்று ஒன்று நடத்துகிறது. சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர்கள் மறுபடி வந்து கூடுவார்கள். பரிசோதனை உண்டு, விளையாட்டும் உண்டு. இப்படிக் கூடுகிற இடத்தில்தான், புதிதாக அடிபட்டவர் டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுகிறதை, பத்து வருஷம் நாற்காலியில் கழித்தவரிடம் மெதுவாகக் கேட்பார்: "பஸ்ல போறப்ப ஒண்ணுக்கு வந்தா என்ன பண்ணுவீங்கண்ணே?"