டிடிஎஸ் மீட்டருக்கு தெரியாத வேலூர் குழாத்தண்ணி

(திரையில: ரெண்டு கண்ணாடி டம்ளர், ஒண்ணுல பழுப்பா செதில் செதிலா ஏதோ மிதக்குது)

எல்லாருக்கும் வணக்கம், மொதல்ல இந்த டம்ளர பாருங்க. போன மாசம் வாட்டர் பியூரிஃபையர் விக்கிற அண்ணன் ஒருத்தர் எங்க வீட்டுக்கு வந்தாரு, ரெண்டு கம்பி வச்ச மெஷின கரண்டுல சொருகி எங்க குழாத்தண்ணிக்குள்ள விட்டாரு, ரெண்டு நிமிஷம் ஆயிருக்காது, தண்ணி சாக்கடை கலருக்கு வந்துடுச்சு. பக்கத்துலயே அவர் கொண்டாந்த, உப்ப வடிகட்டுன ஆர்ஓ தண்ணி அப்டியே பளிச்சுனு நிக்குது. எங்கம்மா "இத்தினி வருசமா இதயாடா குடிச்சின்னு இருந்தோம்"னு என்னை பாக்குறாங்க.

அந்த அழுக்கு தண்ணில இருந்து வரவே இல்ல, அந்த இரும்புக்கம்பியில இருந்து வருது. தண்ணில உப்பு இருந்தா கரண்டு பாயும், கரண்டு பாஞ்சா இரும்பு கரைஞ்சு துருவா மிதக்கும், ஆர்ஓ தண்ணில உப்பு ரொம்ப கம்மி அதனால ஒண்ணும் ஆவாது. "அண்ணா, உங்க தண்ணில ஒரு சிட்டிகை உப்பு போட்டு இதே மாதிரி பண்ணுங்களேன்"னேன், அண்ணன் மெஷின பைக்குள்ள வச்சி ஜிப்ப இழுத்துட்டாரு.

தண்ணில முக்குனா ஒரு நம்பர் காட்டுற டிடிஎஸ் மீட்டர் கதையும் கிட்டத்தட்ட இதான். அது கரைஞ்சிருக்கிற உப்ப மட்டும் தோராயமா சொல்லும். ஐஎஸ் 10500னு குடிநீருக்கு இந்திய தர அளவு இருக்கு, அதுல டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேற தண்ணியே கிடைக்காத ஊர்னா 2000 வரைக்கும் விடுறாங்க. அதே புக்குல கிருமிக்கு மட்டும் சலுகையே கிடையாது, 100 மில்லி தண்ணில மலத்துல இருந்து வர்ற ஈ.கோலை கிருமி ஒண்ணு கூட தென்படக்கூடாது. மீட்டர்ல 180னு அழகா காட்டுற தண்ணில டைஃபாய்டு கிருமி இருக்கலாம், 900 காட்டுற தண்ணில ஒரு கிருமி கூட இல்லாம இருக்கலாம், கிருமி இருந்தாலும் இல்லன்னாலும் மீட்டருக்கு ஒண்ணுதான்.

(திரையில: காட்பாடி பாலத்து மேல இருந்து பாலாறு, மணலும் முள்ளுச்செடியும்)

சரி நம்மூருக்கு தண்ணி எங்கிருந்து வருது? கோட்டை இருக்கு ராஜா இல்ல, ஆறு இருக்கு தண்ணி இல்லன்னு நம்மள கிண்டல் பண்றது தெரிஞ்சதுதான். ஆனா மேல தண்ணி இல்லன்னாலும் மணலுக்கு அடியில ஊத்து இருக்கு, அத கிணறு போட்டு எடுக்கிறாங்க, பொன்னை ஆத்துலயும் அப்டித்தான், ஒரு காலத்துல ஓட்டேரி ஏரியும் கொடுத்துச்சு, இப்போ மேட்டூர்ல இருந்து காவிரி தண்ணியும் கூட்டு குடிநீர் திட்டத்துல வருது.

பாலாறுன்னாலே தோல் பதப்படுத்துற ஷாப்பு கழிவு ஞாபகம் வரும், வராம எப்டி இருக்கும், வாணியம்பாடி ஆம்பூர் பேர்ணாம்பட்டு எல்லாமே நமக்கு மேல்பக்கம் இருக்கு. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட கேஸ்ல 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்ப இன்னிக்கும் சட்டம் படிக்கிற பசங்க மனப்பாடம் பண்றாங்க, கெடுத்தவன்தான் காசு கட்டணும்னு சொன்ன தீர்ப்பு. கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாவோ முழுசாவோ பயிருக்கு லாயக்கில்லாம போச்சுன்னு அதுலயே எழுதியிருக்கு. 2025 ஜனவரியில மறுபடியும் இதே விவகாரத்துல தீர்ப்பு சொல்ல வேண்டி வந்துச்சுன்னா நிலைமைய நீங்களே பாத்துக்குங்க. தண்ணில கலந்த குரோமியம், நைட்ரேட் மாதிரி ரசாயனம்லாம் கொதிக்க வச்சா போவாது, தண்ணி வத்த வத்த இன்னும் கெட்டியாத்தான் ஆவும். அதனால அந்த பெல்ட்ல சொந்த போர் தண்ணி குடிக்கிறவங்க ஒருவாட்டி லேப்ல குடுத்து பாத்துடுங்க.

ஆனா டவுனுக்குள்ள கார்ப்பரேஷன் குழால எனக்கு பயம் வேற இடத்துல. தண்ணி வர்ற சொல்ல இல்ல, வராதப்ப.

(திரையில: ரோட்டுக்கு அடியில பைப், பக்கத்துலயே சாக்கடை, படமா)

நமக்கு 24 மணி நேரமும் தண்ணி வர்றதில்ல, கார்ப்பரேஷன்காரர் வந்து வால்வ திறந்தா வரும், அப்புறம் அடுத்த முறை வரைக்கும் பைப் காலி. தண்ணி ஃபோர்ஸா ஓடுற சொல்ல பைப்ல ஓட்டை இருந்தா உள்ள இருக்கிறது வெளிய பீச்சும், தண்ணி நின்னதும் உள்ள பிரஷர் இருக்காது, அதே ஓட்டை வழியா வெளிய தேங்கி நிக்கிற சாக்கடை உள்ள ஊறும். இதுல நம்ம ஜனங்க பண்ற வேலை, குழால நேரா மோட்டர மாட்டி உறியிறது. நீங்க தண்ணிய மட்டும் உறியல, தெருவுல எங்கெங்க விரிசல் இருக்கோ அங்க இருக்கிறதயும் சேத்துத்தான் உறியிறீங்க, அது உங்களுக்கு மட்டும் இல்ல எதிர் வீட்டு பாப்பாவுக்கும் போவுது. எங்க மாமா இத கேட்டுட்டு "எல்லாரும் போடுறாங்க, நான் மட்டும் சும்மா இருந்தா எனக்கு சொட்டு வராதுடா"ன்னாரு, அதுவும் நியாயந்தான், என்ன பண்றது.

அதனாலதான் குளோரின். டேங்க்ல போட்டு அரை மணி நேரமாச்சும் விடணும், கடைசி வீட்டு குழால லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்கணும், வழியில ஏதாச்சும் கலந்தா அத சாவடிக்க. பிளீச்சிங் வாசனை அடிச்சா மூஞ்ச சுளிக்காதீங்க, வாசனையே வராத கடைக்கோடி தெருவுலதான் கவனம் வேணும்.

அடுத்தது நம்ம வீடு, இங்கதான் யாரையும் திட்ட முடியாது. வேலூர்ல வீடுகள்ல தண்ணி பிடிச்சி வைக்கிறத பத்தி 2004ல ஒரு ஆய்வு வெளிவந்துச்சு, பாதிக்கு மேல வீடுகள்ல பிடிச்சி வச்ச அப்புறம் கிருமி இன்னும் ஏறியிருக்கு. கைய விட்டு மொள்றது, மூடாம வைக்கிறது, பழைய தண்ணி மேலயே புதுசு ஊத்துறது. அதுல ஒண்ணு மட்டும் தனியா தெரிஞ்சுது, பித்தளை பாத்திரத்துல வச்ச வீட்டுல கிருமி குறைஞ்சிருக்கு. பித்தளைல இருக்கிற செம்பு கொஞ்சம் கொஞ்சமா தண்ணில இறங்கி கிருமிய கொல்லும்.

நான் மூணு சின்ன பாட்டில் டெஸ்ட் வாங்குனேன், தண்ணி ஊத்தி மூடி ஒண்ணு ரெண்டு நாள் வைக்கணும், மலக்கிருமி கலந்திருந்தா கருப்பாவும். ஒண்ணுல வால்வ திறந்ததும் வந்த மொத தண்ணி, ஒண்ணுல பத்து நிமிஷம் போன அப்புறம் பிடிச்சது, மூணாவது சமையக்கட்டு பிளாஸ்டிக் டிரம்ல மூணு நாள் இருந்தது. ஊறுகா ஜாடி பக்கத்துல வச்சிட்டேன். மறுநாள் சாயங்காலம் மொதலாவதும் மூணாவதும் மை மாதிரி கருப்பு, நடுவுல இருக்கிறது மட்டும் அப்டியே இருந்துச்சு.

இப்பல்லாம் எங்க வீட்டுல மொத பத்து நிமிஷ தண்ணி முருங்கைக்கும் வாசலுக்கும் போயிடுது, குடிக்கிறது நல்லா தளதளன்னு கொதிச்சதுக்கு அப்புறம்தான். பரண்ல கெடந்த பாட்டியோட பித்தளை குடத்த அம்மா எறக்கி புளி போட்டு தேச்சின்னு இருக்காங்க, "பழைய இரும்புக்காரனுக்கு போடலாம்னு சொன்னவன் யாருடா"ன்னு கேட்டுக்கினே.