ஒரு வெள்ளிக்காசும் ஒரு வேளைச் சோறும்

(முதலாம் ஆண்டு கல்லூரிக்குப் புறப்படும் மாணவ மாணவியருக்காகக் காயல்பட்டினத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேருக்குப் பெட்டி கட்டி முடித்தாயிற்று என்று உங்கள் உம்மாமார் சொன்னார்கள். முஸல்லா, தொப்பி, தஸ்பீஹு, ஓதுகிற குர்ஆன் எல்லாம் மறக்காமல் வைத்திருப்பார்கள். பெட்டியில் வைக்க முடியாத ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் 1982-ல் சென்னைக்குப் படிக்கப் போனேன். வீட்டில் இருந்தவரை சுப்ஹுக்கு, அதாவது விடியற்காலைத் தொழுகைக்கு, பாங்கு சொன்னதும் உம்மா கதவைத் தட்டுவார்கள். இரண்டாவது தட்டுக்கும் எழவில்லை என்றால் திண்ணையிலிருந்து வாப்பாவின் செருமல் கேட்கும். அதற்கு மேல் படுத்திருக்க முடியாது. ஏழு வயதிலிருந்து அப்படித்தான். விடுதியில் முதல் நாள் நான் கண் விழித்தபோது ஜன்னல் கம்பி வழியாக வெயில் வந்து காலில் விழுந்திருந்தது. மணி ஏழேகால். பதறிப்போய், தவறிய தொழுகையைக் களாவாகத் தொழுதேன். மறுநாளும் அப்படியே. மூன்றாவது வாரத்தில் பதற்றம் போய்விட்டது. அப்புறம் களாவும் போய்விட்டது.

ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து வருடத்துக்கு மேலாக சுப்ஹு தொழுதிருக்கிறேன். அதில் எத்தனை என்னுடையது, எத்தனை உம்மாவுடையது? அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு அழுதேன். இன்றைக்கு உங்கள் முன்னால் அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் இதே கேள்வி உங்களுக்கும் வரும். வந்தால் ஈமான், அந்த இறைநம்பிக்கை, போய்விட்டது என்று பயப்படாதீர்கள். அந்த ஈமான் உங்கள் கைக்கு வந்து சேருகிற நேரம் அது.

மறுநாள் ஒரு சாவி கொடுக்கிற அலாரம் கடிகாரம் வாங்கினேன். அதன் சத்தம் எனக்குப் போதவில்லை. அதனால் எவர்சில்வர் வாளிக்குள் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். விடியற்காலை ஐந்து மணிக்கு அது அடித்தபோது அறையே அதிர்ந்தது. என் அறைத்தோழன் விழுப்புரம் பக்கத்துப் பையன், நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவன். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். “அதை எடுத்துடாதே, நானும் எழுந்து படிக்கணும்” என்றான். பத்து நாளில் கடிகாரம் பழுதாகிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் எனக்கு அலாரமே அவன்தான். “மணி அஞ்சு, எழுந்திரு” என்று காலை ஆட்டுவான். நான் தொழுது முடிக்கும்வரை டிரான்சிஸ்டரைப் போடமாட்டான். இன்றைக்கும் சுப்ஹு தொழுதுவிட்டு துஆ கேட்கும்போது அவன் முகம் நினைவுக்கு வருகிறது.

இன்னொரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். யாரும் சொல்லாமல் போனதால் நான் தடுமாறிய விஷயம் இது. மார்க்கச் சட்டத்தில் இமாம்கள் வகுத்த வழியை மத்ஹபு என்போம். நம் ஊர் முழுக்க ஷாஃபி மத்ஹபு. சுப்ஹில் குனூத் என்ற பிரார்த்தனையை ஓதித்தான் பழக்கம், ஆமீனைச் சத்தமாகச் சொல்லித்தான் பழக்கம். திருவல்லிக்கேணியில் வாலாஜா பெரிய பள்ளிக்கு, அதுதான் 1795-ல் கட்டிய அந்தக் கருங்கல் பள்ளிக்கு, முதன்முதலில் சுப்ஹுக்குப் போனேன். அங்கே இன்னொரு மத்ஹபான ஹனஃபி முறை. இமாம் இரண்டாவது ரக்அத்தில் ருகூவிலிருந்து, அதாவது குனிந்த நிலையிலிருந்து, எழுந்தார். நான் குனூத்துக்குக் கையை உயர்த்தினேன், அவர் நேராக நெற்றி வைக்கும் சுஜூதுக்குப் போய்விட்டார். ஃபாத்திஹா முடிந்ததும் என் ஒருவனின் ஆமீன் மட்டும் அந்தப் பெரிய இடத்தில் தனியாகக் கேட்டது. அஸருக்கு, அந்த மாலைத் தொழுகைக்கு, போனால் பாங்கே சொல்லியிருக்கவில்லை. ஒரு பொருளின் நிழல் அதன் அளவுக்கு நீண்டதும் நமக்கு அஸர். ஹனஃபிகளுக்கு அது இரண்டு மடங்காக வேண்டும். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை வித்தியாசம் வரும்.

கடவுள் இல்லை என்று சொல்கிறவர்களோடு வாதாடத் தயாராகிப் போயிருந்தேன். ஆனால் முதலில் என்னை அசைத்தது இதுதான். அப்படியானால் நாம் செய்வது சரியா, அவர்கள் செய்வது சரியா? ஊருக்குக் கடிதம் எழுதினேன். எங்கள் மார்க்க ஆசிரியரான ஹஜ்ரத் பதில் எழுதினார்கள். அதன் சாரத்தைச் சொல்கிறேன். நம் இமாம் ஷாஃபி ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்களும் உங்களைப் போல ஊர்விட்டு ஊர் போய்ப் படித்த மாணவர்தான். காஸாவில் பிறந்து, தகப்பனை இழந்து, மக்காவில் ஏழைத் தாயிடம் வளர்ந்து, மதீனாவில் இமாம் மாலிக்கிடம் படித்தார்கள். பிறகு பாக்தாதில் முஹம்மத் அஷ்ஷைபானியிடம் பாடம் கேட்டார்கள். அவர் யார்? ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூஹனீஃபாவின் மாணவர். இமாம் ஷாஃபி அபூஹனீஃபாவின் அடக்கத்தலமான கப்ருக்கு அருகில் சுப்ஹு தொழுதபோது, அந்த இமாமின் மீதுள்ள மரியாதைக்காகக் குனூத்தை விட்டுவிட்டார்கள் என்று ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அஸருக்கு அதே பள்ளிக்குப் போனேன். அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பு அதற்குப் பிறகு எனக்குக் கனக்கவில்லை.

சரி, கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதத்தையும் சொல்லிவிடுகிறேன். விடுதி அறையில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அது நடக்கத்தான் செய்யும். உட்கார்ந்து கேளுங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அதில் ஜெயிக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் நாம் குர்ஆனின் கஹ்ஃபு சூராவை, அந்தக் குகை அத்தியாயத்தை, ஓதுகிறோம். குகைவாசிகளைப் பற்றி அல்லாஹ் சொல்லும்போது முதலில் என்ன சொல்கிறான்? அவர்கள் இளைஞர்கள் என்கிறான். உங்கள் வயசுப் பிள்ளைகள். ஈமானுக்காக ஊரை விட்டவர்கள். முந்நூற்றுச் சொச்சம் வருடம் தூங்கி எழுந்த அந்தப் பிள்ளைகள் பேசிய முதல் பேச்சு என்ன? எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒரு நாள், அல்லது அதில் கொஞ்சம் என்றார்கள். அது இறைவனுக்கே தெரியும் என்று விட்டுவிட்டு அடுத்து எதற்கு வந்தார்கள்? நம்மில் ஒருவரை இந்த வெள்ளிக்காசோடு ஊருக்குள் அனுப்புவோம், எந்த உணவு தூய்மையானது என்று அவர் பார்த்து வாங்கி வரட்டும், மென்மையாக நடந்துகொள்ளட்டும். இவ்வளவுதான் பேச்சு.

கவனியுங்கள் மக்களே. அல்லாஹ் அவர்களுக்காக மலையளவு அற்புதம் செய்திருக்கிறான். அவர்களோ காசையும் சோற்றையும் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் குர்ஆனில் நிரந்தரமாக வைத்திருக்கிறான் அவன். அதிலும் ‘வல்யதலத்தஃப்’, அதாவது ‘மென்மையாக நடந்துகொள்ளட்டும்’ என்ற சொல் இருக்கிறதே, எழுத்துகளை எண்ணிப் பார்த்தால் குர்ஆனின் நடுப்புள்ளி அங்கேதான் வருகிறது என்று முன்னோர் கணக்கிட்டார்கள். சில முஸ்ஹஃபுகளில், அதாவது குர்ஆன் பிரதிகளில், அந்தச் சொல்லை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்கள். அந்த இளைஞர்களுக்கு மென்மை வேண்டியிருந்தது உயிருக்குப் பயந்து, தங்களை யாரும் அறிந்துவிடக் கூடாது என்பதற்காக. உங்களுக்கு ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனாலும் காசு, சோறு, நடத்தை ஆகிய மூன்றும் விடுதியில் தினம் உங்கள் முன்னால் வந்து நிற்கும்.

சோற்றை எடுத்துக்கொள்வோம். மெஸ்ஸில் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கோழி போடுவார்கள். ஹலாலா என்று சமையல்காரரிடம் ஒரு தடவை தனியாகக் கேளுங்கள். ஆம் என்றால் சாப்பிடுங்கள். இல்லை, தெரியாது என்றால் ரசத்தையும் தயிரையும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருங்கள். பக்கத்தில் சாப்பிடுகிறவன் தட்டைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அவன் ரசித்துச் சாப்பிடும் நேரத்தில் பயான் பண்ணாதீர்கள். மென்மை என்றால் இதுதான் எனக்குத் தெரிந்து.

காசு என்றால் வாப்பா அனுப்புகிற பணம் மட்டும் இல்லை. போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிற செயலிகள் வந்திருக்கின்றன. வட்டி ஹராம் என்று ஐந்தாம் வகுப்பு மதரஸாவிலேயே ஓதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. கையில் காசில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள்.

ஆனால் தூய்மையான உணவு என்பதை நான் வேறோர் இடத்தில்தான் சரியாக விளங்கிக்கொண்டேன். முப்பத்தோரு வருடம் வேதியியல் பாடம் எடுத்தவன் நான். ஆய்வகத்தில் பெர்மாங்கனேட் தரம் பார்க்கும் சோதனை நடந்துகொண்டிருந்தது. பியூரெட்டை, அந்த அளவுக் குழாயை, திறந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கூம்புக் குடுவையில் இளஞ்சிவப்பு நிறம் நிலைத்து நிற்கிற சொட்டில் நிறுத்தி அளவைக் குறிக்க வேண்டும். இரண்டு முறை ஒரே அளவு வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன், நல்ல பையன், அப்போதுதான் மதியத் தொழுகையான லுஹர் தொழுதுவிட்டு வந்திருக்கிறான். நெற்றியில் பாயின் தடம்கூட மறையவில்லை. அவனுக்கு 18.4 மில்லி வந்தது. அடுத்த முறை 18.9. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு நோட்டில் இரண்டாவதையும் 18.4 என்று எழுதினான்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். “முதஃப்ஃபிஃபீன் சூரா மனப்பாடமா?” என்று கேட்டேன். ஓதினான். “அர்த்தம்?” அளவையில் மோசடி செய்கிறவர்களுக்குக் கேடுதான் என்றான். சொல்லி முடித்தவன் பியூரெட்டைத் திரும்பிப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. போய் மூன்றாவது முறை செய்தான், நான்காவது முறையும் செய்தான். அன்று மற்றவர்கள் போன பிறகும் முக்கால் மணி நேரம் அவன் குடுவையும் கையுமாக நின்றான். எனக்கு அந்த முக்கால் மணி நேரம் அவன் லுஹரின் தொடர்ச்சியாகவே பட்டது.

அந்த அளவுகளை வைத்துத்தான் நீங்கள் பட்டம் வாங்கப்போகிறீர்கள். அந்தப் பட்டத்தை வைத்து வேலை, அந்த வேலையில் வருகிற சம்பளத்தில் சோறு. ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது, வராத நண்பனுக்கு வருகைப் பதிவில் குரல் கொடுப்பது எல்லாம் அந்தச் சோற்றில்தான் போய்க் கலக்கும். அறுத்தது ஹலாலா என்று கேட்கிற நாம் இதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமைத் தொழுகையான ஜும்ஆவுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் வகுப்பும் ஜும்ஆவும் மோதும். பின் கேட் வழியாக நழுவிப் போகிறவர்களை எனக்குத் தெரியும். அப்படிச் செய்யாதீர்கள். முதல் வாரமே துறைத்தலைவரிடம் போய், “சார், வெள்ளிக்கிழமை இருபது நிமிடம் பிந்தி வருவேன், விட்டுப்போன பாடத்தை எழுதிக் காட்டிவிடுகிறேன்” என்று சொல்லுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். எனக்கு ஒருவர் மாட்டேன் என்றார். அப்போது ஜும்ஆ நேரம் பள்ளிக்குப் பள்ளி மாறுபடும் என்று விசாரித்து, தாமதமாக நடக்கிற பள்ளியைக் கண்டுபிடித்து, சைக்கிளில் போய் வந்தேன்.

ரமலான் இப்போது பிள்ளைகளுக்குக் கொஞ்சம் லேசான காலத்தில் வருகிறது. 2026-ல் பிப்ரவரியில் வந்தது. ஒவ்வொரு வருடமும் பத்து, பதினொரு நாள் முன்னால் நகர்ந்து, 2030-ல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு தடவை தொடங்கும். பகல் குறைவு, வெயில் குறைவு. சிரமமெல்லாம் நோன்புக்கு முன் விடியலில் சாப்பிடுகிற ஸஹரில்தான். மெஸ் திறக்க ஏழு மணிக்கு மேலாகும், ஸஹர் ஐந்தேகால் வாக்கில் முடிந்துவிடும். முந்தின ராத்திரியே சோறு வாங்கித் தண்ணீர் ஊற்றி வையுங்கள். பழம், பேரீச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குப் போகிறவர்கள் ஒரு நாளாவது வாலாஜா பள்ளியில் நோன்பு திறந்து பாருங்கள். மயிலாப்பூரிலிருந்து சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்தவர்கள் உணவு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுவார்கள். பிரிவினைக் காலத்தில் சிந்துவிலிருந்து வந்த இந்துக் குடும்பங்கள் அவர்கள். பல வருடங்களாகச் செய்கிறார்கள். அதே பள்ளியில் கல்லில் பொறித்திருக்கிற பாரசீக வரிகளை எழுதியவர் ராஜா மக்கன் லால் என்ற இந்து அறிஞர். அந்த வரிகளுக்குக் கீழே உட்கார்ந்து, அவர்கள் கையால் வாங்கி, நோன்பு திறக்கும்போது என் விழுப்புரத்து நண்பனுக்கும் ஒரு துஆ செய்யுங்கள்.

தங்கச்சிமாருக்குத் தனியாக ஒன்று. நம் ஊரில் உங்களுக்குத் தைக்கா இருக்கிறது, பேசிப் பழக, ஓத, தொழ ஓர் இடம் உண்டு. போகிற ஊரில் அது இருக்காது. பெண்களுக்கு இடம் விட்டிருக்கிற பள்ளி எது, கல்லூரியில் தொழுமுன் கைகால் கழுவி ஒளு செய்யத் தோதான குழாய் எது என்று முதல் வாரமே பார்த்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஒரு தோழியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பூமி முழுவதும் எனக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்று ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் சொல்லியிருக்கிறார்கள். நூலகத்தின் ஒரு மூலை போதும்.

எல்லாவற்றையும் முதல் மாதமே செய்துவிட முடியாது. ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அறிவிக்கிற ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். நற்செயல்களான அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது, கொஞ்சமாக இருந்தாலும் விடாமல் செய்வது. என் வாளிக்குள் இருந்த கடிகாரம் என்னை ஒரே ஒரு தொழுகைக்குத்தான் எழுப்பியது. மற்றவை அதன் பின்னால் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

இன்னும் கேள்விகள் இருக்கும். பின் வரிசையில் ஒரு தம்பி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கி வைத்திருக்கிறார். ஆனால் அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். சென்னையில் நீங்கள் தொழப்போகிற பள்ளியில் இதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும். இங்கே நேரமாகிவிட்டது. எழுந்திருங்கள், ஒளு இல்லாதவர்கள் முதலில் போங்கள். தொழுதுவிட்டு வந்து அந்தத் தம்பியிலிருந்து தொடங்குவோம்.