நாணல் காட்டுக்குள் போன முதல் நாள்

[திரையில்: மேசைமேல் வெள்ளைத் தாள். பக்கத்தில் மூடி திறக்காத பேனா.]

குரல்:
கதை எழுதப்போகிறேன் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். ஓவியம் வரைய ஆசைப்பட்டு வாங்கிய வண்ணங்கள் பெட்டிக்குள்ளேயே காய்ந்துபோனவர்களையும் தெரியும். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பயம்தான் காரணம். சரியாக வராவிட்டால்? நாலு பேர் சிரித்தால்? மாதச் சம்பளம் என்னாவது? இத்தனை கேள்விகளையும் தலையில் சுமந்துகொண்டு ஒருவர் எப்படித் தொடங்க முடியும்? அதற்கு ஒரு மனிதரின் ஒரு நாளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

[திரையில்: பழைய கல்கத்தா. டிராம் வண்டி, கையால் எழுதிய விளம்பரப் பலகைகள்.]

பின்னாளில் உலகப் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநரான சத்யஜித் ரே, 1943இல் கல்கத்தாவில் ஒரு பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலைக்குச் சேர்ந்தார். புத்தகங்களுக்கும் படம் வரைந்து கொடுப்பார். பிபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி வெளியிட்டபோது அதற்கும் வரைந்தார். அந்தக் கதை அவரை விடவே இல்லை. 1950இல் அலுவலக வேலையாக லண்டன் போனவர், அங்கிருந்த சில மாதங்களில் ஏறக்குறைய நூறு திரைப்படங்கள் பார்த்தார். கப்பலில் ஊர் திரும்பும்போதே ‘பதேர் பாஞ்சாலி’யைப் படமாக்கக் காட்சிகளைக் குறித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்.

பயப்பட அவருக்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. அதற்கு முன் ஒரு படம்கூட இயக்கியதில்லை. ஒளிப்பதிவுக்கு அவர் தேர்ந்தெடுத்த சுப்ரதா மித்ராவுக்கு வயது 21. திரைப்படக் கேமராவை இயக்கிய அனுபவமே கிடையாது. முழுத் திரைக்கதை என்றும் ஒன்று இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் காட்சிகளை வரைந்து வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு தயாரிப்பாளர்களிடம் ஏறி இறங்கினார். யாரும் முன்வரவில்லை.

ஸ்டூடியோவுக்கு வெளியே, நிஜமான மழையில் படம் பிடிக்கவே முடியாது என்று தொழில் தெரிந்தவர்கள் அடித்துச் சொன்னார்கள். ரே வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஒரு 16 மி.மீ. கேமராவை எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போய், மழையிலும் மங்கிய வெளிச்சத்திலும் எடுத்துப் பார்த்தார். காட்சி படத்தில் பதிந்தது. அந்த ஒரு பயம் அங்கேயே தீர்ந்தது.

[திரையில்: காற்றில் அலையும் வெண்ணிற நாணல் பூக்கள். தூரத்தில் ரயில் பாதை.]

1952 அக்டோபர் 27. முதல் நாள் படப்பிடிப்பு. அக்காவும் தம்பியும் ஊரைத் தாண்டி வந்து, நாணல் காட்டின் நடுவே ரயிலைப் பார்க்கும் காட்சி.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சிறுவன் அப்பு, அக்காவைத் தேடியபடி நாணலுக்குள் நடந்து வர வேண்டும். அவ்வளவுதான். ஆனால் நடித்த பையன் கேமராவைப் பார்த்து விறைப்பாக, கோடு போட்ட மாதிரி நேராக நடக்கிறான். தேடுகிறவன் அப்படி நடப்பானா? ரே என்ன செய்தார் தெரியுமா? அவன் வரும் வழியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சுள்ளிகளைப் போட்டார். உதவியாளர்களை நாணலுக்குள் ஒளிந்திருக்கச் சொல்லி, ஒருவர் பின் ஒருவராக அவன் பெயரைக் கூப்பிட வைத்தார். சுள்ளியைத் தாண்டக் காலைத் தூக்குகிறான், குரல் வந்த பக்கம் திரும்புகிறான், நிற்கிறான், மறுபடி நடக்கிறான். தேடல் வந்துவிட்டது.

‘என்னால் படம் எடுக்க முடியுமா?’ என்ற கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து ஆயுள் முழுக்க யோசித்தாலும் பதில் கிடைக்காது. நாணல் காட்டுக்குள் போனதும் அந்தக் கேள்வி ‘இந்தப் பையனை எப்படித் தயங்கித் தயங்கி நடக்க வைப்பது?’ என்று சுருங்கிவிட்டது. இதற்குப் பதில் உண்டு. காலடியிலேயே சுள்ளியாகக் கிடக்கிறது. புத்தகங்களைவிட அந்த ஒரு நாள் தனக்கு அதிகம் கற்றுத்தந்தது என்று ரே பின்னாளில் எழுதினார்.

நாவல் எழுதப் பயமாக இருக்கிறதா? பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் பேசிக்கொள்வதை மட்டும் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அவர்களில் யார் முதலில் பேசுவது என்பதுதான் அப்போது உங்கள் கவலையாக இருக்கும். அந்தக் கவலையை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியும்.

[திரையில்: மேய்ந்து முடிந்த வெற்று வயல்.]

முதல் நாள் நன்றாகப் போனது. அடுத்த முறை போனால் பூவே இல்லை. மாடுகள் மொத்தத்தையும் மேய்ந்துவிட்டிருந்தன! அந்தக் காட்சியை முடிக்க மறு வருடம் நாணல் பூக்கும்வரை காத்திருந்தார்கள்.

பணமும் தீர்ந்தது. காப்பீட்டுப் பாலிசியின் மேல் கடன் வாங்கினார். மனைவி பிஜோயாவின் நகைகள் அடகுக்குப் போயின. ரேயின் துணிச்சலைப் பேசுகிறவர்கள் பிஜோயாவின் துணிச்சலையும் சேர்த்தே பேச வேண்டும். படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றது. சிறுவன் வளர்ந்துவிடுவானோ, பாட்டியாக நடித்த 80 வயதுச் சுனிபாலா தேவிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற தவிப்பு வேறு. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்துக் கைதூக்கிவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் அவர் வேலையை விடவில்லை. அலுவலக நாள்களில் விளம்பரம், விடுமுறை நாள்களில் படப்பிடிப்பு. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நம் ஊரில் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலையைத் தூக்கி எறிந்தால்தான் துணிச்சல் என்று பேசும் கதைகள், வீட்டு வாடகை கட்ட வேண்டியவர்களை இன்னும் பயமுறுத்துகின்றன. சேற்றில் ஊன்றிய கால் இருந்ததால்தான் ஆற்றில் வைத்த கால் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் தாங்கியது.

[திரையில்: திரையரங்க வாசலில் கூட்டம்.]

1955 ஆகஸ்ட் 26இல் ‘பதேர் பாஞ்சாலி’ கல்கத்தாவில் வெளியானது. மறு வருடம் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது.

படத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், நாணல் காட்சி வரும்போது அந்தச் சிறுவனின் நடையைக் கவனியுங்கள். ஓரடி வைப்பான், நிற்பான், யாரோ கூப்பிட்டது போலத் திரும்புவான்.

[திரையில்: நாணல் பூக்கள். காற்றின் ஓசை மட்டும்.]