எதைப் பற்றி எழுதுவது? ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் தன் துறையைக் கண்டுபிடிக்கும் வழி

[திரையில்: மடிக்கணினி, பக்கத்தில் மடித்து வைத்த வெள்ளை டி-ஷர்ட்]

வணக்கம். ஃப்ரீலான்ஸாக எழுத வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றைத்தான்: "என்ன நிஷ் எடுக்கலாம்?" நிஷ் என்றால் நீங்கள் தொடர்ந்து எழுதப்போகும் துறை, அவ்வளவுதான். எனக்கு அது கிடைக்க நான்கு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வீடியோ.

அந்த நான்கு வருடமும் கிடைத்ததையெல்லாம் எழுதினேன். காலையில் மியூச்சுவல் ஃபண்ட், மத்தியானம் முடி உதிர்வு, ராத்திரி நாய்க்குட்டி வளர்ப்பு. சொல்லுக்கு 40 பைசா. ஆயிரம் சொல் எழுதினால் 400 ரூபாய். தெரியாத விஷயத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவே பாதி நேரம் போய்விடும். மறுநாள் வேறொரு தெரியாத விஷயம் வரும். நேற்று படித்தது எதுவும் இன்றைக்குக் கைகொடுக்காது.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. அடுத்த சில மாதங்களில், வாராவாரம் வேலை கொடுத்துவந்த ஓர் ஏஜென்சி எனக்குக் கட்டுரை அனுப்புவதை நிறுத்திவிட்டது. ரொம்ப வலித்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், நான்கு பக்கங்களைப் படித்து ஐந்தாவதாக ஒரு பக்கம் எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. அதை மென்பொருள் அரை நிமிடத்தில் செய்துவிடும்.

[திரையில்: பின்னலாடைக் கம்பெனியின் கட்டிங் மேசை]

நான் திருப்பூர்க்காரி. அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கல்லூரி லீவில் நானும் செக்கிங் டேபிளில் உட்கார்ந்து பிசிறு வெட்டியிருக்கிறேன். இதெல்லாம் எழுத்துக்கு உதவும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. வீட்டில் பேசுகிற பேச்சுதானே என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் ஆன்லைனில் டி-ஷர்ட் விற்கிற ஒருவருக்கு எழுத வேண்டி வந்தது. அவர் தளத்தில் ஏற்கெனவே இப்படி இருந்தது.

[திரையில்: "மென்மையான, உயர்தரப் பருத்தியால் ஆன, நாள் முழுக்க அணிய ஏற்ற டி-ஷர்ட்."]

இது உலகத்தில் எந்த டி-ஷர்ட்டுக்கும் பொருந்தும். அவரிடம் துணி விவரத்தைக் கேட்டு வாங்கி, நான் எழுதியது இது.

[திரையில்: "180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி. கோம்டு நூல், அதனால் சீக்கிரம் பந்து பந்தாகத் திரளாது. பயோ வாஷ் செய்ததால் மேலே பிசிறு குறைவு. காம்பாக்டிங் முடித்த துணி. சுருங்குமோ என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்க வேண்டாம்."]

சிங்கிள் ஜெர்சி என்பது டி-ஷர்ட்டுக்குப் பயன்படும் மெல்லிய பின்னல் துணி. கோம்டு என்றால் குட்டை இழைகளைச் சீவி எடுத்த நூல். பயோ வாஷ் என்பது என்சைம் போட்டுக் கழுவுவது. காம்பாக்டிங் என்றால் பிறகு சுருங்காதபடி துணியை முன்பே சுருக்கிவிடுவது. ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். அதை அளக்க வட்டமான ஒரு கட்டர் உண்டு. துணி மேல் வைத்து அழுத்தித் திருப்பினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வட்டம் வெட்டி வரும். சின்னத் தராசில் வைத்தால் 1.8 கிராம். நூறால் பெருக்கினால் 180. அந்த வட்டத் துண்டுகளை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் பொம்மைக்குத் தொப்பி தைப்பேன்.

எழுதி அனுப்பிய அன்று சாயங்காலமே அவர் கூப்பிட்டார். முதல் கேள்வி: "ஏனுங்க, நீங்க எந்தக் கம்பெனியில இருந்தீங்க?"

இந்தக் கேள்வியை யாராவது உங்களிடம் கேட்டால், அதுதான் உங்கள் துறை. உள்ளே இருப்பவர், உங்களையும் உள்ளே இருந்த ஆளாக நினைக்கிறார். நிறைய பேர் "எனக்கு என்ன பிடிக்கும்?" என்பதில் தொடங்குகிறார்கள். எனக்குப் பயணம் பிடிக்கும், சினிமா பிடிக்கும். ஆனால் அதில் எனக்கு மட்டும் தெரிந்தது எதுவுமில்லை. கூகுளும் 2022 டிசம்பரில், தேடல் தரத்தை மதிப்பிடுவோருக்கான வழிகாட்டியில் 'அனுபவம்' என்பதைச் சேர்த்தது. நேரில் கையாண்டவர் எழுதியதா என்று பார்க்கச் சொல்கிறது.

[திரையில்: வெற்றுத்தாள், பேனா]

சரி, உங்களுக்கு எது? ஒரு தாளில் கடந்த பத்து வருட வாழ்க்கையை எழுதுங்கள். பார்த்த வேலை, வீட்டுத் தொழில், வாங்கிய கடன், கவனித்துக்கொண்ட நோயாளி எல்லாம். வங்கியில் கடன் பிரிவில் இருந்தவருக்கு, ஒரு விண்ணப்பம் எந்த மேசையில் தேங்கும் என்று தெரியும். சர்க்கரை நோயுள்ள குழந்தையை வளர்க்கிற அம்மாவுக்கு, பள்ளிக்கூடத்துக்கு இன்சுலினை எப்படிக் கொடுத்தனுப்புவது என்று தெரியும். சொட்டுநீர்ப் பாசனம் போட்ட விவசாயிக்கு ஃபில்டர் எப்போது அடைக்கும் என்று தெரியும். எதைப் பற்றிக் குறிப்பு பார்க்காமல் அரை மணி நேரம் பேச முடிகிறதோ, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள்.

அடுத்தது பணம். தெரிந்திருந்தால் மட்டும் போதாது, அதைக் காசு கொடுத்து எழுதச் சொல்ல ஆள் வேண்டும். நான் இப்படித்தான் பார்ப்பேன்: எழுத்து மோசமாக இருந்தால் யாருக்கு நஷ்டம்? கவிதை மோசமாக இருந்தால் ஒரு கம்பெனிக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச் சான்றிதழான ஜிஓடிஎஸ்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'ஆர்கானிக்' என்று லேபிள் ஒட்ட 95 சதவீதமாவது ஆர்கானிக் இழை வேண்டும். 70 சதவீதம் என்றால் 'ஆர்கானிக் இழை கலந்தது' என்கிற அடுத்த லேபிள்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒருவர் எழுதிவிட்டால், பையரிடம், அதாவது துணி வாங்குகிற கம்பெனியிடம், பதில் சொல்ல வேண்டியது ஏற்றுமதியாளர். சாயத்தண்ணீரும் அப்படித்தான். திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில், ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. இன்றைக்கும் வெளிநாட்டு பையர் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பார். அதைத் தெளிவாக எழுதித்தர ஆள் வேண்டும். அங்கே சொல்லுக்கு இத்தனை பைசா என்று யாரும் பேசுவதில்லை, மொத்த வேலைக்கு ஒரு தொகைதான்.

ஒரு எச்சரிக்கை. நல்ல பணம் என்று பங்குச் சந்தைப் பக்கம் போகிறவர்கள், எந்தப் பங்கை வாங்கலாம் என்று எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த மாதிரி ஆலோசனைக்கு, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு வேண்டும்.

துறை கிடைத்ததும் மற்ற வேலையெல்லாம் விட்டுவிடலாமா? வேண்டாம். நான் எட்டு மாதம் நாய்க்குட்டிக் கட்டுரைகளும் எழுதிக்கொண்டேதான் இருந்தேன். வாடகை கட்ட வேண்டுமே. ஆனால் வாரத்தில் இரண்டு காலை நேரத்தை இதற்கென்று ஒதுக்கினேன். யாரும் கேட்காமலேயே மூன்று மாதிரிகள் எழுதினேன். அப்புறம் சின்னக் கம்பெனிகளுக்கு மெயில். என்னைப் பற்றி ஒரு வரி, அவர்கள் தளத்தில் தப்பாக இருந்த ஒரு வாக்கியம், அதன் கீழே நான் திருத்திய வாக்கியம். அவ்வளவுதான் மெயில்.

முப்பது மெயிலுக்கு நான்கு பதில் வந்தது. அதில் ஒருவருக்கு இன்றைக்கும் எழுதுகிறேன்.

[திரையில்: 'அனுப்பு' பொத்தானின் மேல் விரல்]