உயரமான கண்ணாடி துடைக்க எந்தக் கம்பு வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் தெரிகிறதே, மாடிப்படி ஓரமாகத் தரையிலிருந்து மேல்தளம் வரை ஒரே நீட்டாகப் போகும் கண்ணாடி, இப்போது கட்டுகிற தனி வீடுகளில் இது நிறைய வந்துவிட்டது. இதைத் துடைக்க ஏணி போட்டு ஆளை ஏற்றுவதை நான் ஏற்கவே மாட்டேன். ஈரக் கையோடு ஏணியின் உச்சிப் படியில் நின்று பக்கவாட்டில் எட்டித் துடைப்பது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. தரையில் நின்றபடியே முடிக்க, குழாய்க்குள் குழாயாக மடங்கி நீள்கிற எக்ஸ்டென்ஷன் கம்பு போதும். ஆனால் சரியான கம்பு வேண்டும்.

கடைக்குப் போனதும் "இருக்கிறதிலேயே நீளமானது எது?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்காதீர்கள். உங்கள் ஜன்னலுக்கு எட்டுகிற கம்புகளில் எது மிகக் குட்டையோ, அதுதான் உங்களுக்கான கம்பு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கணக்கு. இந்தக் கண்ணாடியின் மேல்விளிம்பு 18 அடியில் இருக்கிறது. கம்பைப் பிடிக்கும்போது என் கீழ்க்கை சுமார் 3 அடி உயரத்தில் இருக்கும். மிச்சம் 15 அடி. சுவரை ஒட்டி நின்றால் கழுத்து வலிக்கும், அழுக்குத் தண்ணீர் முகத்திலேயே சொட்டும். அதனால் 5 அடி தள்ளி நிற்கிறேன். கம்பு சாய்வாகப் போகிறது, இருந்தும் கிட்டத்தட்ட 16 அடி போதும். ஐந்தடி தள்ளி நின்றதற்கு ஓர் அடிகூடக் கூடவில்லை, பாருங்கள்.

வெளிப்பக்கம் கீழ் ஜன்னலின் சன்ஷேடோ போர்ட்டிகோவோ குறுக்கே இருந்தால் இன்னும் பின்னால் போக வேண்டும். 8 அடி தள்ளினால் 17 அடி ஆகும். வாங்கும் முன் ஒரு டேப்பை எடுத்து இதை அளந்து கொள்ளுங்கள். இன்னொன்று, விளம்பரத்தில் சில சமயம் போட்டிருப்பது கம்பின் நீளம் அல்ல, ஆள் உயரத்தையும் சேர்த்து எட்டுகிற உயரம். பெட்டியில் சின்ன எழுத்தில் இருப்பதையும் படியுங்கள்.

சரி, நீளம் கூடினால் என்ன கெட்டுப்போகும்? இதோ, நுனியில் ஈர பிரஷ் மாட்டியிருக்கிறேன், அரைக் கிலோ என்று வையுங்கள். கம்பைப் படுக்கை வாட்டத்தில் பிடிக்கிறேன். கீழ்க்கையிலிருந்து பிரஷ் 15 அடி, இரண்டு கைக்கும் நடுவே 2 அடி. இப்போது மேல்கை தாங்குவது அரைக் கிலோ இல்லை, கிட்டத்தட்ட 4 கிலோ. கம்பின் சொந்த எடை அதற்கு மேல் தனி. ஒவ்வோர் அடி கூடும்போதும் இது ஏறிக்கொண்டே போகும். நுனி வேறு ஆடும். வைப்பர் ரப்பர் கண்ணாடியில் ஒரே அழுத்தமாகப் படாமல் கோடு கோடாகத் தண்ணீர் நிற்பதற்கு இந்த ஆட்டம் ஒரு முக்கியக் காரணம். ஒட்டடைக்கம்பில் வைப்பரைக் கட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நுனியில் எடை குறைவது அவ்வளவு பெரிய விஷயம். இன்று நாம் பிடிக்கிற ஒற்றை ரப்பர் வைப்பரே அப்படித்தான் வந்தது. இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடியேறிக் கண்ணாடி துடைத்துப் பிழைத்த எட்டோரே ஸ்டெக்கோனே, அதற்கு முன்பிருந்த கனத்த இரும்பு வைப்பருக்குப் பதிலாக இலேசான பித்தளையில் இதைச் செய்து 1936இல் காப்புரிமை வாங்கினார்.

அப்புறம் எதில் செய்தது என்று பார்க்க வேண்டும். அலுமினியம் மலிவு, ஓரளவு விறைப்பு. ஆனால் எங்காவது இடித்து நசுங்கினால் ஒரு குழாய்க்குள் இன்னொன்று போகாது. ஃபைபர் கிளாஸ் கொஞ்சம் கனம், கொஞ்சம் வளையும். கார்பன் ஃபைபர் இருப்பதிலேயே இலேசு, நல்ல விறைப்பு, விலையும் அதற்கேற்ற மாதிரி அதிகம். பாக்கு பறிக்கிற உயரமான கம்புகளை அதில் செய்வது இதனால்தான். வீட்டுக்குள் 16 அடி வேலைக்குத் தடிமனான அலுமினியமே போதும் என்பது என் கருத்து.

வீட்டுக்கு வெளியே என்றால் பேச்சே வேறு. இதைத் தயவுசெய்து தள்ளி விடாமல் கேளுங்கள். அலுமினியத் தொரட்டி மின்கம்பியில் பட்டு இறந்தவர்கள் செய்தி தேங்காய், மாங்காய் பறிக்கிற காலத்தில் வருகிறதல்லவா? அதே ஆபத்து இங்கேயும் உண்டு. கார்பன் உலோகம் இல்லையே, ஷாக் அடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கார்பன் ஃபைபரில் மின்சாரம் பாயும். ஃபைபர் கிளாஸ் தடுக்கும்தான், ஆனால் சுத்தமாக, காய்ந்து இருக்கும்வரை மட்டும். நாம் செய்வதோ தண்ணீர் வேலை. 11 கேவி லைன், அதாவது 11,000 வோல்ட் மின்கம்பி, வீட்டுச் சுவரிலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர் தள்ளியிருந்தால் போதும் என்பது விதி. அதாவது நாலடி. நம் கையில் இருப்பது 16 அடிக் கம்பு. அது எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் லைனைத் தொடாது என்றால் மட்டும் எடுங்கள். தொடும் என்றால், மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் அந்த ஜன்னலைத் தொடவே வேண்டாம்.

அடுத்து, நீட்டிய குழாய்களை அந்தந்த இடத்தில் நிறுத்துகிற பூட்டு. இது மூன்று வகை. திருகுகிற பூட்டு எங்கும் கிடைக்கும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தேய்ந்தாலோ மணல் போனாலோ வழுக்கும். அழுத்துகிற கிளிப் எனக்குப் பிடிக்கும், தளர்ந்தால் பக்கத்திலிருக்கும் திருகை முறுக்கிக் கொள்ளலாம். ஓட்டையில் பட்டன் வந்து விழுகிற வகை வழுக்காது, ஆனால் குறிப்பிட்ட நீளங்களில்தான் நிற்கும். கடையிலேயே முழுவதும் நீட்டிப் பூட்டி, நுனியைத் தரையில் ஊன்றி உடம்பை மெதுவாகச் சாயுங்கள். இறங்கினால் வேண்டாம். பிறகு நுனியைப் பிடித்து முறுக்குங்கள். குழாய் உள்ளே சுற்றினால் வைப்பர் கண்ணாடியில் கோணலாகத் திரும்பிக்கொள்ளும்.

நுனி மரையையும் பாருங்கள். ஒரு கம்பெனி பிரஷ் இன்னொரு கம்பெனி கம்பில் ஏறும் என்று உறுதி இல்லை. கழுத்து மடங்கி, வைத்த கோணத்தில் நிற்கிற தலை இருந்தால் நல்லது. கம்பு சாய்வாகப் போனாலும் ரப்பர் கண்ணாடியில் சரியாகப் படியும்.

நீட்டுகிற முறை: கம்பைச் செங்குத்தாக நிறுத்தி, மெல்லிய மேல் துண்டை முதலில் இழுங்கள், தடிமனான கீழ்த்துண்டு கடைசியில். அப்போதுதான் பூட்டுகள் கைக்கு எட்டும். இறக்கும்போது தலைகீழாக. முழு நீளத்தில் தரையில் கிடக்கிற கம்பைத் தூக்க வேண்டாம், இடுப்பு போய்விடும்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. போர் தண்ணீரில் அலசிக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி நிற்கும், கம்பு என்ன விலையானாலும் அது போகாது. கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஒரு வாளி வைத்துக் கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு குழாயையும் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு மடக்குங்கள். ஃபைபர் கிளாஸ் கம்பை மொட்டை மாடி வெயிலில் போட்டு வைக்க வேண்டாம். மேல்பூச்சு போய், நார் நாராகக் கிளம்பிக் கையில் குத்தும்.