பனியில் ஒரு மடிப்பிச்சை

(ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பொங்கல் வாரத்தில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சில் இழுத்த இடங்களைக் கொஞ்சம் வெட்டியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் அறிமுகம் செய்யும்போது என்னை "மரதன் வீரர்" என்றார். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். நான் மரதன் ஓடியதே இல்லை. ஓடியதெல்லாம் ஐந்து கிலோமீற்றர், எட்டு, பத்து. ஒரேயொரு தடவை முப்பது. ஐந்து கிலோமீற்றருக்கு எனக்கு 34 நிமிடம் வேணும். காற்று எதிரே அடித்தால் 36. போன மாதம் எல்லோரும் நத்தார் தாத்தா தொப்பி போட்டுக்கொண்டு ஓடிய ஒரு போட்டியில், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியபடி ஓடிவந்த ஒரு தாய் என்னைத் தாண்டிப் போனார். பிள்ளை திரும்பிப் பார்த்துக் கை காட்டியது. அதுதான் என் தரம்.

ஊரில் படிக்கும்போது இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னால் ரோட்டில் ஒரு மரதன் வைப்பார்கள். பெயர்தான் மரதன், தூரம் மூன்று நாலு மைல். வெறுங்காலோடு ஓடுவோம். தார் கொதிக்கும். சந்திக்குச் சந்தி யாராவது வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள். ஓட்டம் என்றால் எனக்கு அந்தச் சூடுதான் ஞாபகம். பிறகு முப்பது வருசம் ஓடவில்லை. 44 வயதில் டொக்டர் சீனி வருத்தத்தின் வாசலில் நிற்கிறீர் என்றார். நடக்கச் சொன்னார், நடந்தேன். அப்புறம் வேலையிடத்தில் ஒரு பெடியன் வந்து, "அண்ணை, மாசியில் உணவு வங்கிக்காக ஒரு ஓட்டம் இருக்கு, பெயரைப் போடட்டோ?" என்று கேட்டான். மாசி என்றால் இங்கே என்னவென்று யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

அன்று காலை ஏரிக்கரையில் மைனஸ் 11. காற்று மணிக்கு 25 கிலோமீற்றர். வின்ட் சில், அதாவது காற்றும் சேர்ந்து தோலுக்குத் தெரிகிற குளிர், மைனஸ் 20 என்று வானொலியில் சொன்னார்கள். இந்த வின்ட் சில் கணக்குக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2001இல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து பழைய கணக்கைத் திருத்தியபோது, ஆறு ஆண்களையும் ஆறு பெண்களையும் குளிர்காற்று அடிக்கும் ஒரு கூண்டுக்குள் ஓடுபட்டையில் நடக்கவிட்டு, முகத்தில் உணரிகளை ஒட்டி அளந்தார்கள். அளந்த இடம் இந்த ரொறன்ரோதான். ஆனால் அவர்கள் நடந்தார்கள், ஓடவில்லை. எதிர்காற்றில் ஓடுகிறவனுக்குத் தன் வேகமும் காற்றோடு சேர்ந்துகொள்ளும். அந்த மிச்சத்தை என் மூக்கு நுனி அன்றைக்கு அளந்தது.

ஓடுவதற்கு முன்னாலேயே தோற்றுப்போக ஒரு இடம் இருந்தது. பதிவு மேசையில் இலக்கம் எழுதிய தாளும் நாலு சேஃப்ரி பின்னும் தருவார்கள். அதை நெஞ்சில் குத்தவேணும். கையுறையோடு பின்னைப் பிடிக்க முடியாது. கையுறையைக் கழற்றினால் அரை நிமிடத்தில் விரல் மரத்துப்போகும். முதல் பின் ஏறியது. இரண்டாவது பனிக்குள் விழுந்தது, வெள்ளைக்குள் வெள்ளி, தேடி எடுக்க முடியாது. மூன்றாவதை என் பெருவிரலில் குத்திவிட்டேன். வலிக்கவில்லை. இரத்தத்தைக் கண்டபிறகுதான் குத்தியதே தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, எழுபதைத் தாண்டியிருப்பார், ஒன்றும் சொல்லாமல் வந்து தன் பல்லுக்கிடையில் பின்னைக் கவ்விக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளைக்குக் குத்துவதுபோலக் குத்திவிட்டார். பெயரும் முகவரியும் எழுதப் பேனையை எடுத்தேன். மை உறைந்துபோய்ப் பேனை எழுதவில்லை. அதை வாங்கி வாய்க்குள் வைத்து ஊதித் தந்ததும் அந்தப் பாட்டிதான். ஓட்டத்திலும் என்னை முந்தினார்.

இரண்டாவது தவறு உடுப்பு. நான் பருத்தி பெனியன், அதற்கு மேல் கம்பளிச் சுவெற்றர், அதற்கும் மேல் வேலைக்குப் போடுகிற தடித்த ஜக்கெற் என்று போயிருந்தேன். இரண்டாவது கிலோமீற்றரில் உள்ளே அடுப்பு. ஓடிப் பழகியவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: வெளியே இருப்பதைவிடப் பத்துப் பாகை சூடாக இருக்கிறது என்று நினைத்து உடுத்து. நிற்கும்போது கொஞ்சம் நடுங்கவேணும், அப்போதுதான் ஓடும்போது சரியாக இருக்கும். இது எனக்கு யார் சொன்னது? வியர்வை முழுவதும் பெனியனில் தேங்கி நின்றது. ஓடி முடித்து நின்ற ஐந்தாவது நிமிடம் அந்த ஈரம் ஐஸாகத் தொடங்கியது. பல் அடித்துக்கொண்டது. முடிவுக்கோட்டில் தருவதாக விளம்பரத்தில் போட்டிருந்த சூடான சூப், மெதுவாக வந்தவர்களுக்கு முடிந்துபோயிருந்தது. எந்தப் போட்டி என்று சொல்லமாட்டேன். ஆனால் மறக்கவும் மாட்டேன்.

சரி, இவ்வளவும் உடம்புக் கஷ்டம். பழகினால் போய்விடும். மெரினோ கம்பளியில் மெல்லிய உள்ளாடை, காற்றுப் புகாத ஒரு மேலாடை, கன்னத்தில் வாஸ்லின், பழைய சப்பாத்தின் அடியில் பத்துப் பன்னிரண்டு குட்டித் தகர ஸ்குரூ, இவை இருந்தால் ரோட்டில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் பிளாக் ஐஸிலும் ஓடலாம். குளிரை வெல்வதற்குக் கடையில் சாமான் இருக்கிறது. கடையில் கிடைக்காத ஒன்றைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்க வந்தேன். காசு கேட்பது.

இந்த ஓட்டங்களில் ஓடினால் மட்டும் போதாது. ஒரு படிவம் தருவார்கள். இன்னார் இவ்வளவு டொலர் தருகிறார் என்று எழுதி நிரப்பவேணும். இப்போது இணையத்திலேயே செய்யலாம், ஆனாலும் யாரிடமாவது கேட்டுத்தான் ஆகவேணும். முதல் வருசம் நான் யாரையும் கேட்கவில்லை. என் காசில் நூறு டொலரைப் போட்டு, மனைவி, மச்சான், மகள் என்று பிரித்து எழுதிக் கொடுத்துவிட்டேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது.

இரண்டாவது வருசம் துணிந்து மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மாவின் தம்பி. விசயத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நீ ஓடுறதுக்கு நான் ஏனடா காசு தரவேணும்? உனக்குச் சீனி குறையும். எனக்கு என்ன குறையும்?"

சிரிக்கிறீர்கள். நான் அன்று சிரிக்கவில்லை, ஏனென்றால் கேள்வி நியாயமானது. பசித்தவனுக்குக் காசு கொடுக்கவேணும் என்றால் கொடுக்கலாம். அதற்கு நான் ஏன் பனியில் ஓடவேணும்? நான் ஓடுவதால் யாருடைய அரிசி வேகும்? எனக்குப் பதில் இல்லை. சரி மாமா என்று வைக்கப் போனேன். அந்த நேரம் மாமி போனைப் பறித்தது கேட்டது. "உங்களுக்கு ஒரு கோதாரியும் விளங்காது, அது மடிப்பிச்சை மாதிரியப்பா" என்றா. "தம்பி, இருபது எழுது."

மடிப்பிச்சை இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாமலிருக்கலாம். பிள்ளைக்கு வருத்தம் கடுமையானால், சுகப்பட்டால் மடிப்பிச்சை எடுத்து வருகிறேன் என்று சந்நிதி முருகனுக்கோ அம்மனுக்கோ நேருவார்கள். சுகம் வந்ததும் சேலை முந்தானையை மடியாகப் பிடித்துக்கொண்டு வீடுவீடாகப் போய் அரிசியோ காசோ கேட்டு வாங்கிக் கோயிலில் சேர்ப்பார்கள். வசதி இல்லாதவர்கள் மட்டுமா செய்தார்கள்? மாடிவீட்டுக்காரியும் செய்வாள். கல்லூரி அதிபரின் மனைவி எங்கள் படலையில் வந்து மடியை விரித்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அம்மா ஒரு சுண்டு அரிசி போட்டா. அந்த வீட்டில் மூட்டை மூட்டையாக நெல் இருந்தது. தன் நெல்லைக் கொடுத்திருந்தால் நேர்த்தி முடியாது. வெட்கத்தை விட்டுக் கேட்பதுதான் அதில் முக்கால் பங்கு.

நான் முதல் வருசம் என் நூறு டொலரை மூன்று பெயரில் எழுதினேனே, அது தன் நெல்லைத் தானே தன் மடியில் போட்ட கதை.

இதைப் பெரிய அளவில் செய்தவர் ரெறி ஃபொக்ஸ். புற்றுநோயால் வலது கால் போனவர், அந்த நோயின் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கக் கனடாவை ஓடிக் கடக்க நினைத்தவர். 1980 சித்திரை 12ஆம் திகதி நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ற் ஜோன்ஸில் செயற்கைக் காலை அத்திலாந்திக் கடலில் நனைத்துவிட்டுப் புறப்பட்டார். அங்கே சித்திரை என்றால் வசந்தம் இல்லை. முதல் நாட்களில் புயற்காற்று, மழை, பனி. நாளுக்கு ஏறக்குறைய ஒரு மரதன் தூரம், 143 நாள், 5,373 கிலோமீற்றர். தண்டர் பே அருகே நோய் நுரையீரலுக்கு வந்து நின்றது. அடுத்த வருசம் ஆனியில், 22 வயதில், போய்விட்டார். இதெல்லாம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு ஒரு இடம். தொடக்கத்தில் ரோட்டில் அவரைக் கண்டுகொள்ள ஆளில்லை. நியூஃபவுண்ட்லாந்தின் மேற்கு முனையில் போர்ட் ஓ பாஸ்க் என்று ஒரு சின்னத் துறைமுக ஊர், அப்போது சனத்தொகை பத்தாயிரம் என்று சொன்னார்கள். அந்த ஊர் பத்தாயிரம் டொலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்தது. ஆளுக்கு ஒரு டொலர்! அந்தக் கணக்குத்தான் அவருக்குத் தலைக்குள் ஏறியது. நாட்டில் 24 மில்லியன் சனம், ஆளுக்கு ஒரு டொலர் கேட்பேன் என்றார். 1981 மாசியில் தொகை 24 மில்லியனைத் தாண்டியது. அப்போது அவர் உயிரோடு இருந்தார், பார்த்துவிட்டுத்தான் போனார்.

அவருடைய பெயரில் ஒவ்வொரு புரட்டாதியும் நடக்கிற ஓட்டத்துக்குக் கட்டணம் இல்லை, பரிசு இல்லை, முதலாவது இரண்டாவது இல்லை. இதை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். இப்போது பல தர்ம ஓட்டங்களில் பெயர் கொடுக்கவே அறுபது எழுபது டொலர் கேட்கிறார்கள். அதில் ஒரு பங்கு ரீசேட்டுக்கு, ஒரு பங்கு பதக்கத்துக்கு, ஒரு பங்கு நேரம் காட்டும் சிப்புக்கு. என் வீட்டு இழுப்பறையில் 23 ரீசேட் கிடக்கிறது. எல்லாம் பொலியெஸ்ரர், துடைக்கவும் உதவாது. மனைவி ஒருநாள் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள எத்தனை மூட்டை அரிசி கிடக்குது?" என்று கேட்டா. மாமாவின் கேள்விதான், வேறு வாசலால் வந்தது. அதற்குப் பிறகு ரீசேட் வேண்டாம் என்ற கட்டத்தில் புள்ளடி போடுகிறேன். அந்தக் கட்டம் இல்லாத போட்டிக்கு இப்போது போவதில்லை.

முப்பது கிலோமீற்றர் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் பெருமைக்குச் சொன்னதாகிவிடும். ஹமில்டனில் பங்குனிக் கடைசியில் குடாவைச் சுற்றி ஓடுகிற போட்டி. 1894இல் தொடங்கியது, பொஸ்ரன் மரதனைவிட மூன்று வருசம் மூப்பு. ஒனொண்டாகா இனத்தவரான ரொம் லோங்போற் 1906இல் இதை வென்று, அடுத்த வருசம் பொஸ்ரனையும் வென்றார். நான் ஓடிய அன்று உறைமழை, கண்ணிமை ஒட்டிக்கொண்டது. கடைசிக் கட்டத்தில் ஒரு மயானத்தைக் கடந்து போகவேணும். அந்த வாசலில் யமன் வேடத்தில் ஒருவர் அரிவாளோடு நிற்பார், பகிடிக்காக. எனக்கு அந்த நேரம் அது பகிடியாகத் தெரியவில்லை. அடுத்த நாளிலிருந்து முழங்கால் மூன்று மாதம் வேலை செய்யவில்லை.

பிறகும் ஒருக்கால் அதே முழங்கால் மக்கர் பண்ணியதால், ஒரு மாசி மாதம் ஓடாமல் தண்ணீர் மேசைக்குத் தொண்டராகப் போனேன். இங்கே ஓடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன்: குளிர் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. ஓடுகிறவன் தன் சூட்டைத் தானே உண்டாக்குகிறான். மேசைக்காரன் இரண்டரை மணித்தியாலம் ஒரே இடத்தில் நிற்கிறான். அன்று மைனஸ் 14. கடதாசிக் கோப்பையில் ஊற்றி வைத்த தண்ணீரில் சில நிமிடத்தில் ஆடைபோல ஐஸ் படரும். பாலாடையை விலக்குவதுபோல விரலால் தட்டி உடைத்துக் கொடுப்போம். ஓடுகிறவர்கள் இரண்டு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை ரோட்டில் ஊற்றுவார்கள், அது உடனே கண்ணாடியாகும். உப்பு வாளியோடு நான் அதன் பின்னாலேயே போவேன். ஊற்ற, உறைய, உப்புப் போட, இதுதான் வேலை.

கடைசி ஆட்கள் வரும் நேரம் ஒருவர் வந்தார். பஸ் தரிப்பிடத்திலிருந்து எழும்பி வந்திருந்தார், தோளில் படுக்கைப் பை. சூடாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மேசையில் இருந்தது ஐஸ் தண்ணீர் மட்டும். என் பிளாஸ்கில் பிளேன்ரீ இருந்தது, இஞ்சி போட்டது. மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் குடித்தார். "என்ன ஓட்டம் இது?" என்றார். வீடில்லாதவர்களுக்குக் காசு சேர்க்கிற ஓட்டம் என்று சொன்னேன். சொல்லும்போதே நாக்கு இழுத்தது. அவர் ரோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "யார் வெல்கிறார்கள்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டாரா, உண்மையாகவே அறியக் கேட்டாரா என்று இன்று வரைக்கும் தெரியாது. எனக்குத் தெரியாது என்றேன். இன்னொரு மூடி கேட்டார், கொடுத்தேன். போய்விட்டார்.

மாமா போன வருசம் காலமானார். அதற்கு முந்தின மாசியில் அவரே தொலைபேசி எடுத்தார். "என்ன, இந்த முறை பிச்சைக்கு வரேல்லையோ?" என்று கேட்டுவிட்டு, ஐம்பது எழுதச் சொன்னார். பற்றுச்சீட்டு வேணுமோ என்றேன். வரிக்குக் காட்டலாம், கட்டாயம் அனுப்பு என்றார். மாமா மாமாதான்.

அடுத்த மாதம் ஒரு ஓட்டம் இருக்கிறது. ஐந்து கிலோமீற்றர், உணவு வங்கிக்கு. படிவம் வாசல் மேசையில், வடை வைத்திருக்கிற தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனை எழுதும். உள் பொக்கற்றில் வைத்துத்தான் கொண்டுவந்தேன்.